சாங்கிலியில் அன்று மழை

ஜூன் 12, திங்கள்

மஞ்சள் வரத்து குறைந்து விலை ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு நாள் ஏலத்தை விடுவது முட்டாள்தனம். ஆனாலும் விட்டேன். வசந்தாமணி பத்து நாளாக நச்சரித்ததால் இருவரும் கோயமுத்தூருக்குப் போய்ப் புது டாக்டரம்மாவைப் பார்த்தோம். பெயர் தேன்மொழி. என்னைவிட வயதில் இளையவர். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

வசந்தாவின் பைல் அரைச்சாண் கனம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், அதில் ஒன்பது வருட வைத்தியம் அந்த பைலில் இருக்கிறது. என்னுடையது ஒரே ஒரு தாள். 2014-ல் வாங்கிய ரிப்போர்ட். அம்மா அதை லேமினேட் செய்து பீரோவில் கிரயப் பத்திரத்தோடு வைத்திருக்கிறாள். யாராவது வீட்டுக்கு வந்து “இன்னும் ஒண்ணும் இல்லீங்களா?” என்று கேட்டால் எடுத்து நீட்டுவாள். “எம்பையன் மேல குத்தமில்லீன்னு எழுதியே குடுத்துட்டாங்க, பாருங்க.”

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி இப்பத்தாங்க பாக்கறேன். ஆனா இது ஒம்போது வருசப் பழசு. சார் இன்னைக்கே ஒரு சாம்பிள் குடுத்துட்டுப் போகட்டும்.”

“இன்னொரு நாள் வரனுங்க, குடோன்ல லோடு நிக்குது” என்றேன்.

“லோடு நிக்கட்டுங்க” என்றாள் வசந்தா. பன்னிரண்டு வருடத்தில் டாக்டர்கள் முன்னால் அவள் எனக்கு மேல் பேசியது இதுதான் முதல் தடவை.

கொடுத்தேன். கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அறை சுத்தம். ஐந்து நிமிட வேலை.

ஜூன் 14, புதன்

ரிப்போர்ட் வந்தது.

கோயமுத்தூரில் டாக்டரம்மா படித்துச் சொன்னார். விந்தணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ஓட்டம்தான் இல்லை. முன்னோக்கி நீந்துவது நூற்றுக்கு ஒன்பது. குறைந்தது முப்பது இருக்க வேண்டுமாம். மீதி எல்லாம் நின்ற இடத்தில் துடிக்கிறது, இல்லையென்றால் சும்மா கிடக்கிறது. லாரி நிறைய சரக்கு ஏற்றி டீசல் ஊற்றாமல் நிறுத்தியது போல என்று புரிந்துகொண்டேன்.

புகையிலை உண்டா என்று கேட்டார். உண்டு, இருபது வருடமாக வாயில் ஒதுக்குகிறேன். முன்பு என்ன தொழில் என்று கேட்டார். பதினோரு வருடம் லாரி ஓட்டினேன், இன்ஜின் சூட்டை ஒட்டியே சீட் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிறகு வசந்தாவின் பைலை எடுத்தார். 2017-ல் அவளுக்கு வயிற்றில் துளை போட்டுக் கருமுட்டைப் பைகளில் அங்கங்கே சுட்டு ஓர் ஆபரேஷன் செய்தார்கள். அந்தத் தாளில் விரலை வைத்தார்.

“சார் ரிப்போர்ட் நார்மல்னு இருந்ததால எல்லாரும் உங்க பக்கமே தேடியிருக்காங்கம்மா. இந்த ஆபரேஷன் உங்களுக்கு அவசியமே பட்டிருக்காது. இதுல முட்டை இருப்பும் குறைஞ்சிருக்கு. முப்பத்தெட்டு வயசுக்கு இருக்க வேண்டியதுல கால்வாசிகூட இல்ல.”

வசந்தா கேட்டாள், “அப்பவே அவருக்கு ஓட்டம் கொறவா இருந்திருக்குமுங்களா?”

நான் முந்திக்கொண்டேன். “அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஒம்போது வருசத்துல புகையில கெடுத்திருக்கும்.”

“இருக்கலாம்” என்றார் டாக்டரம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நேரத்தை வீணாக்காமல் உடனே டெஸ்ட் ட்யூப் வழிக்குப் போகலாம் என்றார். வசந்தா மாட்டேன் என்றாள். “ஒம்போது வருசம் நான் மருந்து தின்னேனுங்க. இப்ப அவரு மூணு மாசம் திங்கட்டும். அதுக்கப்பறம் எனக்கு ஊசி போடுங்க.” நாள் கடத்தினால் அவளுக்குத்தான் நஷ்டம் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். அவள் அசையவில்லை.

ஜூன் 19, திங்கள்

மருந்து ஆரம்பம். காலையில் இரண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் இரண்டு. குதிரைக்குக் கொடுப்பது போல அத்தனை பெரிய கேப்சூல்.

நான் எந்தச் சரக்கையும் விவரம் கேட்காமல் வாங்குவதில்லை. அதனால் டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று கேட்டு வந்தேன். கார்னிட்டின் என்று ஒன்று. அது சுமை தூக்கும் ஆள் மாதிரியாம். கொழுப்பைத் தூக்கிக்கொண்டு போய் அணுவின் வாலுக்கு மேலே இருக்கும் சின்ன இன்ஜினில் போடும். கோ-கியூ டென் என்பது அந்த இன்ஜினுக்குள் தீப்பொறி. வைட்டமின் சி, ஈ, செலினியம் மூன்றும் துரு பிடிக்காமல் காக்க. துத்தநாகம் அணு நல்லபடியாக உருவாக.

“கட்டாயம் கேக்குமுங்களா?”

“சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல. ஆராய்ச்சிலயும் ரெண்டு மாதிரியும் சொல்றாங்க. புகையிலையை விடறதுதான் முதல் மருந்து. இதெல்லாம் கூடமாட ஒத்தாசைக்கு. ஒரு அணு உருவாகி வெளிய வர எழுவது எழுவத்தஞ்சு நாள் ஆகும். அதனால மூணு மாசம்.”

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கும் ஆளை ஏல மண்டியில் நான் பார்த்ததில்லை.

புகையிலைப் பொட்டலங்களைச் சாக்கடையில் கொட்டினேன். வசந்தா வாசலில் நின்று பார்த்தாள்.

ஜூன் 23, வெள்ளி

வாய் நமநமக்கிறது. கொட்டைப்பாக்கு மெல்லுகிறேன். ஆள்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஜூன் 30, வெள்ளி

அக்கா மகள் ஹரிணிக்கு வளைகாப்பு. நம் வீட்டில்தான் வைத்தார்கள். முப்பது பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். வசந்தா சந்தனக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள்.

அம்மா மெதுவாகச் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், “அம்மிணி, அதைய அங்க வச்சுப்போட்டு நீ சமையக்கட்டுல போய் ரசம் கொதிக்குதான்னு பாரு.”

ரசம் எப்போதோ இறக்கியாகிவிட்டது. வசந்தா போனாள். நான் பந்தல்காரரிடம் நாற்காலி எண்ணிக்கை பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் ராத்திரி எனக்கு மாத்திரையும் ஊறவைத்த வால்நட் நாலும் தட்டில் கொண்டுவந்தாள். “தின்னுங்க. தலைக்கு நல்லதாம், எல்லாத்துக்கும் நல்லதாம்.” சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 5, புதன்

மும்பை ஏற்றுமதிக்காரர் போன். மஞ்சளில் குர்குமின் சத்து எத்தனை சதவீதம் என்று லேப் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு எடுக்க மாட்டாராம். “விரலி மஞ்சளை ஒடித்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்” என்றேன். “உங்கள் காதை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாதே சேட்” என்று சிரித்தார்.

இருபது மூட்டைக்கு அடிவரை குத்தூசி விட்டுச் சாம்பிள் எடுத்தேன். மேலே நல்ல விரலியும் அடியில் பூச்சி விழுந்ததும் போட்டுத் தைப்பவர்கள் உண்டு. மேல் சாம்பிளை நம்பி நான் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. இதனால்தான் ஊரில் எனக்குப் பெயர்.

ஜூலை 11, செவ்வாய்

வசந்தா கேட்டாள், “2014-ல நீங்க எந்த லேப்ல குடுத்தீங்க?”

“முத்துரத்தினம் லேப்லதான். அவரு செத்து நாலு வருசம் ஆச்சே.”

“டாக்டரம்மா பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாக்கோணும்னாங்க. அதான் அத்தைகிட்ட அந்தத் தாளை வாங்கி வச்சிருக்கறனுங்க.”

சரி என்றேன்.

ஜூலை 12, புதன்

ஒன்றுமில்லை.

ஜூலை 16, ஞாயிறு

நேற்று ஒன்றுமில்லை, முந்தாநாள் ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கு டைரி எதற்கு? லாரி ஓட்டிய காலத்திலிருந்து இருபத்து மூன்று வருடமாக எழுதுகிறேன். எந்த ஊர், என்ன விலை, மழையா வெயிலா. பெரும்பாலும் ஒரு வரிதான். ஆனால் பொய் எழுதியதில்லை. எழுதாமல் விட்டது உண்டு.

2014 ஆகஸ்ட். அம்மா விடாப்பிடியாக நின்று என்னை டெஸ்டுக்கு அனுப்பினாள். முத்துரத்தினத்தின் லேப் கடைவீதியில் இருந்தது. பெஞ்சில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் நான் மஞ்சள் வாங்கும் குடியானவர்கள். கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அன்று சாயங்காலம் நான் மகாராஷ்டிரத்துச் சாங்கிலி மஞ்சள் ஏலத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும். நேரமில்லை. முத்துரத்தினத்திடம் “நல்லாத்தான் இருக்கும், நீங்களே எழுதிக் குடுத்துருங்க” என்றேன். முதலில் தயங்கினார். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அதற்கு முதல் தர விரலி ஒரு பை கொடுத்தனுப்பினேன். தாலிக்கயிறு நனைக்க என் மஞ்சள்தான்.

அவ்வளவுதான் நடந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூலை 24, திங்கள்

முப்பத்தைந்து நாள் முடிந்தது. வேளை தவறாமல் விழுங்குகிறேன். கேப்சூல் தொண்டையில் நிற்கும்போதெல்லாம் வசந்தா எத்தனை விழுங்கியிருப்பாள் என்று ஒரு கணக்கு மனதில் ஓடும். பாதியில் விட்டுவிடுவேன். மாத்திரையை எண்ணலாம், வயிற்றில் போட்டுக்கொண்ட ஊசியை எண்ணலாம். அமாவாசை தோறும் வெறும் வயிற்றோடு மலை ஏறியதை எதில் சேர்ப்பது?

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. குடும்பத்தோடு பவானி போனோம். ஆற்றங்கரையில் அம்மா ஒரு கிழவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “என்ர பையன் தங்கமுங்க. இன்னொண்ணு கட்டிக்கடான்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. இவளை வெலக்கமாட்டேன்னு நிக்கறான்.”

அதுவரை அந்தப் பேச்சு எனக்குப் பெருமையாகவே இருந்திருக்கிறது. பொறுமைசாலி என்ற பெயரை நானே நம்பிக்கொண்டிருந்தேன். இன்று காது கூசியது.

வசந்தா தண்ணீரில் முழங்கால் வரை நின்று பூவை விட்டாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டலீங்க. சும்மா விட்டேன்.”

ஆகஸ்ட் 9, புதன்

பழைய டைரிகள் மேல் அலமாரியில் வருட வரிசையில் இருக்கும். இன்று துண்டு எடுக்கப் போனபோது பார்த்தேன். 2014 மட்டும் தலைகீழாக இருந்தது.

திருப்பி நேராக வைத்தேன். பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

மாத்திரைத் தட்டு வந்தது. வால்நட்டும் வந்தது. எப்போதும் போல நாலு. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக விற்பவன் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிறவன் நான்.

ஆகஸ்ட் 19, சனி

அந்த லேப்புக்குப் போய் முந்தாநாளோடு சரியாக ஒன்பது வருடம்.

ஜூலையில் எழுதியதைத் திருத்த வேண்டும். பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. தாழ்ப்பாள் இல்லாததும் காரணமில்லை, அந்தக் குடியானவர்களும் காரணமில்லை. அதற்கு முந்தைய வாரமே எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. கூட லாரி ஓட்டிய இரண்டு பேருக்கு இதே கதை, சூட்டுச் சீட் கதை, எனக்குத் தெரியும். சாம்பிள் கொடுத்தால் நம்பர் வந்துவிடும். வந்தபிறகு அதை மாற்ற முடியாது. கொடுக்காதவரை நான் முதல் தரம்.

பயம். அவ்வளவுதான். ஒரு சொல் எழுத ஒன்பது வருடம்.

செப்டம்பர் 4, திங்கள்

ஹரிணிக்குப் பெண் குழந்தை. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டே முக்கால் கிலோ.

செப்டம்பர் 20, புதன்

கோயமுத்தூர். நேற்றே சாம்பிள் கொடுத்திருந்தேன்.

டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். முன்னோக்கி நீந்துவது நூற்றுக்கு முப்பத்து நாலு.

“நல்லாவே கேட்டிருக்குங்க. மாத்திரையா, புகையிலையை விட்டதா, என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும்னு வச்சுக்குங்க.”

ஒன்பதிலிருந்து முப்பத்து நாலு. இந்த உயர்வுக்குத் தேவைப்பட்டது மூன்று மாதம், தினம் நாலு கேப்சூல், ஒரு கெட்ட பழக்கத்தை விடுவது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வசந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. அப்போது அவள் வயிற்றில் யாரும் துளை போட்டிருக்கவில்லை. நான் வேறு எதையும் யோசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா நான் சந்தோஷத்தில் பேச்சிழந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வசந்தாவுக்கு ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். முட்டை ஒன்றோ இரண்டோ கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

“யோசிச்சுச் சொல்றமுங்க” என்றாள் வசந்தா.

கார் அவிநாசி தாண்டியது. பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

“ஏனுங்க, சாங்கிலியில அன்னைக்கு நல்ல மழைங்களா?”

நான் வண்டியை ஓரம் கட்டினேன். லேமினேட் செய்த தாளில் பொடி எழுத்தில் சாம்பிள் எடுத்த நாளும் நேரமும் உண்டு. ஆகஸ்ட் 19, காலை பத்தரை. முத்துரத்தினம் என் பஸ் நாளைக் கணக்கில் வைக்காமல் இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டார். அன்றைய என் டைரியில் ஒரே வரி: ‘சாங்கிலி. நல்ல மழை. ஏலம் இல்லை.’

எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, கதவு, மஞ்சள் பை, பயம். அவள் அழவில்லை, திட்டவில்லை. சொல்லி முடித்ததும் கைக்குட்டையால் டேஷ்போர்டில் இருந்த தூசியைத் துடைத்தாள்.

“எப்பலிருந்து தெரியும்?”

“ஆடி மாசத்துல இருந்து. நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பவானியில கேட்டீங்களே, என்ன வேண்டுனேன்னு. அப்பக்கூட சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சும் மாத்திரை குடுத்தியே.”

“உங்களுக்குச் சரியாகுதான்னு எனக்குத் தெரியோணும். சரியாகற குத்தந்தானா, ஆகாத குத்தமான்னு.” கைக்குட்டையை மடித்தாள். “ஆகாத குத்தமா இருந்திருந்தா மனசு ஆறியிருக்குமுங்க.”

வண்டியை எடுத்தேன். எங்கள் ஊர் பெருந்துறை வந்தபோது மறுபடி பேசினாள். “எங்கிட்டச் சொன்னது போதும். உங்கம்மாகிட்டச் சொல்லுங்க.”

செப்டம்பர் 22, வெள்ளி

சொல்லவில்லை. லோடு.

செப்டம்பர் 24, ஞாயிறு

அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். சொன்னேன்.

முதலில் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். அவரைக்காய் முறம் மடியில் அப்படியே இருந்தது.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“வேற யாருக்கும்?”

“இல்லை.”

“அப்பச் செரி. வெளிய சொல்லிப்போடாத சாமி. ஊரு சிரிக்கும்.”

“அவளைப் பாத்து ஒம்போது வருசம் சிரிச்சாங்களேம்மா.”

அம்மா அவரைக்காயின் நாரை உரிக்க ஆரம்பித்தாள். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

தாளைக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் ஆனதால் கிழியவில்லை. வளைகிறது, நிமிர்ந்துவிடுகிறது. அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, அம்மா முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம் சொன்னால் இரண்டு நாளில் பெருந்துறை முழுக்கத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

செப்டம்பர் 28, வியாழன்

ஏலத்தில் இரண்டு பேர் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். விலை மட்டும் குறையவில்லை.

அக்டோபர் 5, வியாழன்

வசந்தா முடிவைச் சொன்னாள். ஊசி வேண்டாமாம்.

“பத்துல ஒண்ணுன்னாலும் ஒண்ணு இருக்குதே” என்றேன். கெஞ்சினேன் என்றே எழுத வேண்டும்.

“அந்த ஒண்ணுக்கும் என்ர ஒடம்புதானுங்களே போகோணும். ஒடம்பு போதும்னு சொல்லுது. பதினஞ்சு நாளா யோசிச்சுத்தான் சொல்றேன்.”

நான் பேரம் பேசிப் பழகியவன். எதிராளி கடைசி விலை சொல்லிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

அக்டோபர் 27, வெள்ளி

ஹரிணியின் குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். கூடம் நிறையப் பெண்கள். அம்மா குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, இந்த முறை நிஜமாகவே எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

“வசந்தா, வா அம்மிணி. நீ வந்து போடு.”

வசந்தா நிலைப்படி வரை வந்தாள். கையில் கரண்டி.

“பரவால்லீங்க அத்தை. எனக்கு நின்ன எடமே பழகிப்போச்சு. ரசம் கொதிக்குது.”

திரும்பிப் போனாள். இன்று ரசம் நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா குழந்தையோடு அப்படியே நின்றாள். கடைசியில் ஹரிணியே வாங்கித் தொட்டிலில் போட்டாள்.

நவம்பர் 3, வெள்ளி

மாத்திரை இன்னும் இருபது நாளைக்கு இருக்கிறது. இப்போது தட்டில் வருவதில்லை. நானாக எடுத்து விழுங்குகிறேன்.

நவம்பர் 5, ஞாயிறு

2014 டைரியை எடுத்து வந்து பிரித்தேன். ஆகஸ்ட் 19, சாங்கிலி, நல்ல மழை. அந்தப் பக்கத்தில் வசந்தா ஒரு குறியும் போட்டிருக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

ஆகஸ்ட் 22. என் கையெழுத்து: ‘வீடு வந்தேன். வேறு விசேஷம் இல்லை.’

அதற்குக் கீழே, புதிதாகப் பென்சிலில், வசந்தாவின் கையெழுத்து.

‘இவர் ரிப்போர்ட் வந்தது. குறை இல்லை என்று அத்தை பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். சந்தோஷமாகக் குடித்தேன்.’